சமவெளியில் மலைமிதிவண்டித் தடம்: திருவையாற்று நண்பர்களுக்கு ஒரு பதில்

திருவையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்ந்த நீங்கள் பன்னிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சைக்கிளில் ஆற்றங்கரைகளைச் சுற்றி வருபவர்கள். வெளிநாடுகளில் தன்னார்வலர்கள் தங்கள் கையாலேயே வெட்டி உருவாக்கும் மலைமிதிவண்டித் தடத்தைப் போல இங்கும் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மண்தடம் அமைக்க முடியுமா, அமைப்பதானால் கொள்ளிடக் கரையில் அமைப்பதா அல்லது உங்களில் ஒருவரின் குடும்பத்துக்கு வல்லத்துக்குத் தெற்கே உள்ள முந்திரித் தோப்பில் அமைப்பதா, அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மலையே இல்லாத ஊரில் மலைமிதிவண்டிக்குப் பாதை போடுவது வீண் ஆசை என்று பெரியவர்கள் சிலர் சொன்னதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

அமைக்க முடியும். ஆனால் கொள்ளிடக் கரையில் வேண்டாம், தோப்பில் அமையுங்கள். மூன்று கிலோமீட்டரை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரு கிலோமீட்டரை ஓராண்டு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த நிலத்தை நடந்து பாருங்கள். இவற்றை ஏன் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். நான் பாசனப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவின் புளோரிடாவில் மகன் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில், அவன் சேர்ந்திருந்த தடம் பராமரிப்புக் குழுவோடு சனிக்கிழமைகளில் நானும் மண்வெட்டி பிடித்தேன். சைக்கிள் விடுவதில் உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. மண்ணும் தண்ணீரும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்பது ஓரளவு தெரியும். தடம் அமைக்கும் வேலையில் பெரும்பங்கு அதுதான்.

மலை இல்லையே என்ற கவலையை முதலில் நீக்கிவிடுகிறேன். புளோரிடா மாநிலத்தின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 105 மீட்டர்தான். அங்கே அலஃபியா ஆற்று மாநிலப் பூங்காவில் உள்ள தடங்கள் பாஸ்பேட் சுரங்கத்துக்காகத் தோண்டிக் குவித்து, பிறகு கைவிடப்பட்ட மண்மேடுகளின் மேலும் பள்ளங்களின் ஓரத்திலும் ஏறி இறங்கிச் செல்கின்றன. நெதர்லாந்தும் தட்டையான நாடுதான். அங்கே கடலோர மணல்மேடுகளிலும் தோப்புகளிலும் மலைமிதிவண்டித் தடங்கள் இருக்கின்றன, அவற்றைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே பராமரிக்கிறார்கள். பெயரில் மலை இருந்தாலும், ஓட்டுபவருக்கு வேண்டியது உயரம் அன்று. அடிக்கொரு தரம் மாறும் தரை, நெளிந்து செல்லும் ஒற்றையடிப்பாதை, உடலைச் சாய்த்துத் திரும்பும் வளைவு, ஓர் ஆள் உயரம்கூட இல்லாத சிறு மேடு ஆகியவை போதும். ஒற்றையடிப்பாதை என்பது நமக்குப் பழக்கமான சொல். அந்த அகலத்துக்கு மேல் இந்தத் தடத்துக்கு இடம் வேண்டியதில்லை.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. மலையில் தடம் அமைப்பவர்கள் ஓடும் தண்ணீருக்கு அஞ்சுகிறார்கள். அவர்களுடைய விதிகள் எல்லாம் அந்த அச்சத்திலிருந்து பிறந்தவை: மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு போகக்கூடாது, மொத்தத்தில் சராசரிச் சாய்வு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, தடத்தின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், ஏறிக்கொண்டே போகும் தடம் இடையிடையே கொஞ்சம் இறங்கி மறுபடி ஏற வேண்டும், அப்போதுதான் தடத்தின் வழியே வரும் தண்ணீர் அந்த இறக்கத்தில் வெளியே போய்விடும். சமவெளியில் நம் எதிரி தேங்கும் தண்ணீர். தட்டையான தரையில் புல்லைச் சீவி ஒரு பாதை போட்டால், அடுத்த நாளே அது சுற்றியுள்ள தரையைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். சக்கரங்கள் அதை இன்னும் அழுத்தும். முதல் மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், ஓட்டுபவர் சேற்றைத் தவிர்க்க ஓரத்தில் போவார், ஓரமும் சேறாகும், அடுத்தவர் இன்னும் விலகிப் போவார். இரண்டு அடித் தடம் இரண்டே மழைக்காலத்தில் பத்தடி அகலச் சகதியாக மாறுவது இப்படித்தான். மேலைநாட்டுத் தடக் கையேடுகள் செங்குத்துச் சரிவை எச்சரிப்பது போலவே தட்டைத் தரையையும் எச்சரிப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு மருந்து நம் கொத்தனார்கள் தினமும் சொல்லும் ஒரே சொல்லில் இருக்கிறது: வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடும்படி வைக்கும் சாய்வு. மொட்டை மாடிக்கு வாட்டம் வைக்காத வீடு ஒழுகும். களத்துக்கு வாட்டம் வைக்காவிட்டால் நெல் நனையும். தடத்தின் ஒவ்வோர் அடியிலும் நின்று, இங்கே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமும் போகாது என்றால் அந்த இடத்தில் தடம் இன்னும் அமையவில்லை என்று பொருள்.

இனி கொள்ளிடக் கரையைப் பற்றிச் சொல்கிறேன். அதன் மேல் உங்களுக்கு ஏன் ஆசை வந்தது என்பது புரிகிறது. டெல்டாவில் தரையிலிருந்து எழுந்து நிற்கும் ஒரே சரிவு ஆற்றுக் கரைதான். ஒரு பக்கம் படுகையும் மூங்கில் குத்தும் நாணலும், மறுபக்கம் வயலும் வாழைக்கொல்லையும் தெரிய, கரையின் பக்கவாட்டில் ஏறி இறங்கும் ஒரு பாதையை நினைத்தாலே யாருக்கும் மனம் துள்ளும். ஆனால் கரை என்பது மேடு அன்று. அது தண்ணீரைத் தடுத்து நிற்கும் ஒரு கட்டுமானம். அதன் சரிவில் புல் பிடித்திருப்பது அழகுக்காக இல்லை. மழை கரையை அரிக்காமல் இருப்பதற்கு அந்தப் புல்வேர்தான் காப்பு. அந்தப் புல்லைச் சீவி நீங்கள் ஒரு தடம் போட்டால், சரிவின் குறுக்கே மழைநீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போல ஆகும்.

பணியில் இருந்தபோது ஓர் ஐப்பசி மாதத்து இரவை நான் மறக்கவே முடியாது. கரையில் ஓரிடத்தில் மாடுகள் தண்ணீருக்கு இறங்கி ஏறி ஒரு தடம் விழுந்திருந்தது; முழங்கால் அகலம்கூட இருக்காது. கோடையில் அதைப் பார்த்துவிட்டு, மழைக்கு முன் மூடிவிடலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். தொடர்மழையில் அந்தத் தடம் ஓடையாகி, ஓடை குழியாகி, குழியில் இருந்த எலிவளை வழியாகக் கரையின் மறுபுறம் கசிவு கண்டது. நள்ளிரவில், கரையைக் காவல் பார்க்கும் பாசன ஊழியரான லஸ்கர் வந்து கதவைத் தட்டினார். ஊரே திரண்டு, சாக்கில் மணலைக் கட்டிக் கட்டிப் போட்டு, விடியும்வரை நின்றோம். உடைப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நடவு முடிந்த சம்பா வயல்கள் மணலடித்துப் போயிருக்கும். அந்தக் குற்றவுணர்வு இன்றும் எனக்குள் இருக்கிறது. எனவே கரைச் சரிவில் ஒரு கொத்துகூடப் போடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன். கரையின் தலைப்பில் ஏற்கெனவே வண்டிகள் செல்லும் பாதையில் இப்போது நீங்கள் ஓட்டுவது போல ஓட்டுங்கள். அதில் யாருக்கும் கேடில்லை. ஆற்றுப் புறம்போக்கும் கரையும் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே அனுமதியின்றி மண்ணை வெட்டுவது சட்டப்படியும் குற்றம்.

கரையை விட்டுவிட்டுப் படுகைக்குள் அமைக்கலாமே என்று ஒருவர் சொல்லக்கூடும். மேட்டூர் நிரம்பிவிட்டால் மிகைநீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத்தான் திருப்பப்படுகிறது. 2018 ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஓராண்டு உழைத்துப் போட்ட தடம் அத்தகைய ஒரு வாரத்தில் எக்கல் மணலுக்கு அடியில் போய்விடும். கடலோரத்தில் கோடியக்கரைக் காட்டைச் சொல்பவர்களும் உண்டு. அது 1967-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம். வெளிமான்கள் வாழும் இடம். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வல்லத்துப் பக்கம் இவற்றிலிருந்து வேறுபட்டது. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே போகப் போகத் தரை மெல்ல எழுவதைச் சைக்கிளில் போகும் உங்கள் கால்கள் உணர்ந்திருக்கும். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே முடிந்து, செம்மண்ணும் செம்புறாங்கல்லும் தொடங்குகின்றன. காவிரி நீர் ஏறிப் பாயாத மேட்டுநிலமாதலால்தான் அங்கே நெல்லுக்குப் பதிலாக முந்திரியும் புஞ்சைப் பயிர்களும் நிற்கின்றன. டெல்டாவின் களிமண் மழையில் உப்பிப் பசைபோல் டயரில் ஒட்டும், கோடையில் கால் புதையும் அளவு வெடிக்கும்; அதில் எப்படித் தடம் போட்டாலும் ஆண்டில் பாதி நாள் ஓட்ட முடியாது. செம்மண்ணோடு சரளை கலந்த தரையோ தண்ணீரை விரைவில் உள்வாங்கும், ஈரத்தோடு இடித்தால் இறுகும். செம்புறாங்கல் தரைக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: வெட்டும்போது ஓரளவு மெதுவாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டபின் கடினமாகும். அதன் குறை, கோடையில் மேற்பரப்பில் உருளைச் சரளை பெயர்ந்து, வளைவுகளில் சக்கரத்தைச் சறுக்கிவிடும். அதனால் வளைவுகளில் சரளையைக் கூட்டி ஒதுக்கிவிடும் வேலை அடிக்கடி இருக்கும்.

ஆனாலும் ஒரு தோப்புக்குள்ளேயே மண் இடத்துக்கு இடம் மாறும். ஐம்பது தப்படிக்கு ஓரிடமாக மேல்மண்ணைத் தள்ளிவிட்டுக் கீழிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள்வரை கலங்கலாக இருந்து கடைசியில் படிவது களி. மணல் பாதிக்கு மேலும், களி நாலில் ஒரு பங்குக்குக் குறைவாகவும் உள்ள இடங்கள் தடத்துக்கு ஏற்றவை. முழுக்க மணலாக இருந்தாலும் பயனில்லை. இறுகாது, சக்கரம் புதையும்.

அடுத்தது மனிதர்கள். தோப்பு நண்பரின் குடும்பத்துப் பட்டா நிலம் என்பதால் அனுமதி எளிது என்று நினைத்திருக்கிறீர்கள். முந்திரித் தோப்புகளைக் குத்தகைக்கு விடும் வழக்கம் உண்டு. இந்தத் தோப்பிலும் குத்தகைதாரர் இருந்தால், நிலத்தின் சொந்தக்காரரைவிட அவரிடம்தான் நீங்கள் முதலில் பேச வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை முந்திரிக் காய்ப்புக் காலம். மரத்தடியைக் கூட்டி வைத்து, விழும் கொட்டையைப் பொறுக்குவார்கள். அந்த மாதங்களில் மரத்தடியில் நீங்கள் மண்ணைக் கிளறினாலும் சைக்கிள் ஓட்டினாலும் அவருடைய வருமானத்தில் கைவைத்ததாக ஆகும். எனவே தடத்தைக் கூடுமானவரை மரங்களின் கிளைநிழலுக்கு வெளியே, தோப்பின் விளிம்புகளிலும் தரிசு இடங்களிலும் கொண்டு செல்லுங்கள். மரத்தடியில் போயே ஆக வேண்டிய பகுதி அந்த மூன்று மாதம் மூடியிருக்கும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். முந்திரியின் கிளைகள் தாழ்ந்து பரவுபவை. தலையில் இடிக்கிறது என்று நீங்களாக ஒரு கிளையையும் வெட்டக்கூடாது. குறைந்தது ஐந்தாண்டுக்காவது ஓர் எளிய ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது. நண்பரின் தந்தை இன்று மகிழ்ச்சியோடு சம்மதிப்பார். நாளை நிலம் பாகம் பிரியும்போது சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ அந்தப் பகுதி போகலாம். எனவே குடும்பத்தார் எல்லோருடைய கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

அந்த நிலத்தின் குறுக்கே ஏற்கெனவே யார் நடக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். விறகு பொறுக்கப் போகும் பெண்கள், ஆடு ஓட்டிப் போகிறவர்கள், அறுவடைக்குப் பின் கிடை போடத் தெற்கேயிருந்து மந்தையோடு வரும் கீதாரிகள், ஐயனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகும் ஊரார் என்று எத்தனையோ பேர் காலடி பட்ட வழிகள் அங்கே இருக்கும். அவர்கள் வழியை உங்கள் தடம் மறிக்கக்கூடாது. குறுக்கிட வேண்டிய இடத்தில் தடத்தை முன்னதாகவே வளைத்து மேடேற்றி, சைக்கிளின் வேகம் தானாகக் குறையுமாறு அமைக்க வேண்டும். மலைமிதிவண்டி பிறந்த கலிபோர்னியாவிலேயே இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றார்கள். 1970-களில் மாரின் வட்டாரத்து டமால்பயஸ் மலையில் இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் சரிவில் பாய்ந்து இறங்கத் தொடங்கினார்கள். நடந்து செல்பவர்களும் குதிரையில் செல்பவர்களும் முறையிட்டதால், 1980-களில் பல ஒற்றையடிப்பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அந்த நெருக்கடியில்தான் பன்னாட்டு மலைமிதிவண்டிச் சங்கம் 1988-இல் உருவானது; பாதையைக் கெடுக்காமல் ஓட்டுவதையும் பாதையைத் தாங்களே பராமரிப்பதையும் அது தன் வேலையாக எடுத்துக்கொண்டது. உங்களுக்கு அந்த நெருக்கடி வராமலே இருக்கலாம். தடம் ஊரின் ஓடையையோ வண்டிப்பாதைப் புறம்போக்கையோ தொடுமானால், ஊராட்சித் தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள். கேள்விகள் வரும், வரட்டும். அங்கே பதில் சொல்லிவிட்டால், பிறகு தோப்பில் யாரும் உங்களை நிறுத்திக் கேட்க மாட்டார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பெய்யும் நாளில், குடையோடும் ஐம்பது அறுபது மூங்கில் முளைகளோடும் தோப்புக்குப் போங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் எல்லாம் சிவப்புத் துணி கட்டிய முளை. தண்ணீர் ஓடும் இடத்தில் நீலத்துணி கட்டிய முளை. மழை விட்டு மூன்றாம் நாள் மறுபடி போய், இன்னும் ஈரம் காயாத சிவப்பு முளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் காட்டாத படத்தை அந்த ஒரு மாதம் காட்டிவிடும். கோடையில் போய் அழகான இடமாகப் பார்த்துத் தடம் போட்டுவிட்டு, மழையில் அது குளமானபின் திகைத்து நின்ற குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். தடம் சிவப்பு முளைகளை விட்டு விலகிச் செல்ல வேண்டும். நீல முளைகளைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அவற்றோடு சேர்ந்து ஓடக்கூடாது.

பிறகு கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூபை வைத்து மட்டம் பாருங்கள். இருபது மீட்டர் டியூபும் இரண்டு அளவுகோலும் போதும். வல்லத்துப் பக்கத்து நிலத்தில் நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் இறக்கம் கிடைத்தாலே பெரிய வரம். அந்த இறக்கத்துக்கு நேர்கீழாகத் தடத்தை ஓட்டாமல், குறுக்கே நெளிய விடுங்கள். தடத்தின் அகலம் அறுபது சென்டிமீட்டர் இருந்தால் போதும். வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை தடம் ஒரு முழ ஆழத்துக்கு மெல்ல இறங்கி ஏறட்டும். இறங்கும் இடத்தின் வெளிப்பக்கம் திறந்திருந்து, தண்ணீர் தோப்புக்குள் பரவிப் போகட்டும். இந்த இறக்க ஏற்றங்கள் வடிகால் மட்டும் அல்ல. ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி தருவதும் இவைதான். ஒரே வேலை இரண்டுக்கும் உதவுவதைப் பார்க்கும்போது எனக்கு நல்ல வரப்பு வெட்டும் விவசாயியின் நினைவு வரும்: மண்ணை எடுத்த பள்ளம் வாய்க்காலாகும், போட்ட இடம் நடக்க வழியாகும்.

எப்படி வளைத்தாலும் தட்டையான பகுதி ஒன்றிரண்டைக் கடக்க வேண்டிவரும். அங்கே தரையைச் சீவக் கூடாது; தடத்தை உயர்த்த வேண்டும். தடத்தின் இரு பக்கமும் ஒரு மீட்டர் தள்ளி மண் எடுத்து, நடுவில் கொட்டி, நடுமுதுகு உயர்ந்து இரு பக்கமும் சரியுமாறு அமையுங்கள். மண்ணைப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்டாதீர்கள். ஒவ்வோர் அடுக்கிலும் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடியுங்கள். ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள்: உருண்டையாக நின்று, இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும், கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், பொடியானால் குறைவு. இந்த வேலையை எளிதாக நினைத்துவிடாதீர்கள். 150 மீட்டர் நீளத்தை 80 சென்டிமீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் உயர்த்த 18 கன மீட்டர் இறுகிய மண் வேண்டும். இடித்தால் குறைவதைக் கணக்கிட்டால் 24 கன மீட்டர் தளர்ந்த மண். 15 லிட்டர் பிடிக்கும் பாண்டில் சுமந்தால் அது 1,600 பாண்டு.

கருவிகளுக்கு வெளியூர் போக வேண்டாம். மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள், பாண்டு, திமிசு, சரளை இழுக்க ஒரு வாரி, சமப்படுத்த ஒரு சிறு பரம்புப் பலகை ஆகியவை உங்கள் வீடுகளிலேயே இருக்கும். புளோரிடாவில் நான் பிடித்த கருவியை அவர்கள் மெக்லியோட் என்று சொல்வார்கள். ஒரு பக்கம் பல்லும் மறுபக்கம் தட்டையான வெட்டுவாயும் உள்ளது. கொல்லர் பட்டறையில் படம் காட்டினால் அடித்துக் கொடுப்பார். ஆனால் அதைக்கொண்டு செய்வதில் பெரும்பகுதியை நம் மண்வெட்டியே செய்துவிடும். இயந்திரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பொக்லைன் ஒரு மணி நேரத்தில் உங்கள் ஒரு மாத வேலையை முடித்துவிடும் என்பது உண்மை. ஒற்றையடிப்பாதை கேட்ட இடத்தில் ஒரு லாரிப் பாதையையும் அது விட்டுச்செல்லும்.

தோப்பின் ஒரு மூலையில் முப்பது மீட்டர் சுற்றளவுள்ள ஒரு மேடுபள்ளச் சுற்றுத் தடம் போடுவதை நான் பெரிதும் விரும்புவேன். பெடலை மிதிக்காமல், உடலை ஏற்றி இறக்கியே வேகம் பிடித்துச் சுற்றும் தடம் அது. மேட்டின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் இரண்டு மேடுகளின் உச்சிகளுக்கு இடையே இருக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு: 30 சென்டிமீட்டர் மேட்டுக்கு 3 மீட்டர். வளைவுகளில் வெளிப்பக்கம் அரைச்சுவர்போல மண்ணை அணைத்துக் கட்ட வேண்டும். அதன் அடியில் தண்ணீர் தங்காதபடி ஒரு சிறு குழாய் புதைத்துவிடுங்கள். ஊர்ப்பிள்ளைகள் சாதாரணச் சைக்கிளோடு வந்து சுற்றப்போவது இங்கேதான். ஊருக்கும் உங்களுக்கும் உள்ள உறவை எந்த ஒப்பந்தத்தையும்விட இது உறுதியாக்கும்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு நேர்மையான கணக்கைத் தருகிறேன். மண்வேலைக்குப் பழகாத ஒருவர் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை வேலை செய்தால், செம்மண் தரையில் ஐந்து மீட்டர் தடத்தைச் சீவி, வாட்டம் வைத்து, இடித்து முடிப்பார். பன்னிரண்டு பேரும் எல்லா வாரமும் வரமாட்டீர்கள். தையிலும் மாசியிலும் உங்களில் பல வீடுகளில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஏழு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு காலைக்கு 35 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ முப்பது காலைப்பொழுது. பொங்கல் கழிந்ததும் மண்ணில் மழை ஈரம் இருக்கும்போது தொடங்கி, மரத்தடியை ஒட்டிய பகுதிகளை மாசிக்குள் முடித்துவிடுங்கள். பங்குனிக்குப் பிறகு தரை கல்லாக இறுகிவிடும், காய்ப்பும் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் வேலையை நிறுத்திவிட்டு, ஆடியிலும் ஆவணியிலும் மாலை மழைகள் தரையை இளக்கும்போது மீதியைத் தொடருங்கள். புரட்டாசிக்குள் முதல் கிலோமீட்டர் முடிந்து, அடைமழைக்கு முன் இறுகியிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். புதரை வெட்டும் முன் நீண்ட கழியால் தட்டுங்கள். கையுறையும் கணுக்காலுக்கு மேல் வரும் காலணியும் இல்லாதவர் வேலையில் இறங்கக்கூடாது. முந்திரிச் சருகில் விரியன் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. கடி பட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நேராகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்தே கொடுக்கப்படுகிறது. பாம்பை அடித்து எடுத்துவர வேண்டிய தேவை இல்லை. சீமைக்கருவேல மரம் தடத்தில் இருந்தால் வெட்டாதீர்கள், வேரோடு பிடுங்குங்கள். வெட்டிய அடியிலிருந்து அது மறுபடி தழைத்து, முள்ளை உங்கள் டயருக்கு நேராக நீட்டும்.

தடம் போட்டு முடித்தபிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. மழை பெய்து, சக்கரம் விரற்கடை ஆழத்துக்குப் பதியும் நிலையில் தரை இருந்தால், அன்று யாரும், அமைத்த நீங்கள் உட்பட, ஓட்டக்கூடாது. ஒரே நாள் ஈரத்தில் பத்துப் பேர் ஓட்டினால், அவர்கள் விட்டுச்சென்ற கோடுகளில் அடுத்த மழை வழிந்தோடி, முப்பது காலை உழைப்பை அரித்துவிடும். தோப்பு வாசலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அதில் காட்டுங்கள்; அதைத் திருப்பும் பொறுப்பு தோப்புக்கு மிக அருகில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை, புரட்டாசியில் வடிகால் வாய்களைத் திறந்துவிடவும், தையில் மழை கெடுத்ததைச் சீர்செய்யவும் எல்லோரும் கூடியாக வேண்டும். நம் ஊர்களில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போன குடிமராமத்து வழக்கம் அருகியபோது, வராதவரிடமிருந்து உழைப்பைக் கட்டாயமாக வாங்க 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. விருப்பத்தோடு ஒருமுறை கூடுவது எளிது. பத்தாவது ஆண்டும் கூடுவதற்கு யார் யாரை அழைப்பது, யார் கருவிகளை வைத்துக்கொள்வது, வராதவர் என்ன தருவது என்பதையெல்லாம் முதல் ஆண்டிலேயே பேசி எழுதி வையுங்கள்.

உங்கள் ஊரில் பணியிலிருந்து ஓய்வுபெற்ற லஸ்கரோ, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியே வாழ்நாளைக் கழித்த பெரியவரோ இருந்தால், ஐப்பசியில் முளை அடிக்கப் போகும் அந்த முதல் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். சைக்கிள் தடம் என்ற சொல்லை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் தோப்புக்குள் பத்து நிமிடம் நடந்தபின், தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்பதைக் கைத்தடியாலேயே காட்டுவார். அவர் காட்டும் இடத்தில் முளையை அடியுங்கள். மட்டம் பார்த்த குறிப்புகளையும் பாட்டில் மண்ணின் அளவுகளையும் எழுதி அனுப்பினால், கார்த்திகை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து உங்களோடு நடக்கிறேன்.